நண்டு சமைக்கிற நாளில் தொடங்குங்கள்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறேன். வயது 39. கணவர் ஆறு வருசமாகக் கத்தாரில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் என் அம்மாவும் மூன்று பிள்ளைகளும். மூத்தவனுக்கு 15, அடுத்த வருசம் சாதாரண தரம் எழுதப்போகிறான். மகளுக்கு 11. கடைசி மகனுக்கு 3 வயது, கார்ட்டூன் போட்டால்தான் வாய் திறப்பான். மூத்தவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். மகள் ரீவிக்கு முன்னால் இருப்பாள். இரவு எட்டரைக்கு இவர் வீடியோ கோல் எடுப்பார். போன் கைமாறிக் கைமாறிப் போகும், சோறு காய்ந்துவிடும். எல்லாருக்கும் போட்டுக் கொடுத்து, கோல் முடிந்து, சின்னவனைப் படுக்கவைத்து நான் சாப்பிட ஒன்பதரை பத்தாகும். போன மாதம் கோபத்தில் மூத்தவனின் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டினேன். இரண்டு நாள் இரவுச் சாப்பாடு சாப்பிடாமல் படுத்தான். அம்மா என்னைத்தான் ஏசினார். ஒரு நேரமாவது போன் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து சந்தோசமாகச் சாப்பிட வழி இருக்கிறதா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் போனும் கார்ட்டூனும் அலுமாரியும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் தரம் ஒரு வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் சாப்பிட ஒன்பதரை பத்தாகிறது என்ற வரி. அதை நீங்கள் முறைப்பாடாக எழுதவில்லை, மழை பெய்தது குடை பிடித்தேன் என்பது போலப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் சேர்ந்து சாப்பிட வழி கேட்கிறீர்கள். அந்த 'எல்லாரும்' என்ற கணக்கில் உங்களைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்கள் ஆட்களிடம் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உறுதி அவள் பெயரில், வளவு அவள் பெயரில். அப்படி இருந்தும் அந்த வீட்டில் கடைசியாகக் கோப்பை எடுக்கிறவளும் அவள்தான். சட்டியில் மிஞ்சிய ஆணத்தை வழித்து ஊற்றி, குசினிக்குள் நின்றபடி, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். என்னிடம் வரும் தாய்மாரிடம் இதைக் கேட்டால் பலர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். நீங்களும் சிரிக்கிறீர்களா?

அதனால் முதல் வேலை பிள்ளைகளிடம் இல்லை. நீங்கள் உட்காருங்கள். பாயை விரித்து, சோற்றுச் சட்டி, கறி, சொதி, தண்ணீர் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிடுங்கள். வேண்டியதை வேண்டியவர் அள்ளிப் போடட்டும். 11 வயதுப் பிள்ளைக்குச் சொதி ஊற்றத் தெரியும். உப்புக் குறைந்தால் மூத்தவன் எழும்பிப் போய் எடுத்து வரட்டும். நீங்கள் எழும்பக் கூடாது. கேட்க இலேசாக இருக்கும், செய்து பாருங்கள், உங்கள் கால் தானாகக் குசினிக்கு ஓடும்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்தென்றால் சஹன் வைப்பார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து சாப்பிடுவது. நாலைந்து கை ஒரே தட்டில் இருக்கும்போது போனைத் தேடுகிற கை மட்டும் தனியாகத் தெரியும். எங்கள் அம்மம்மாமாரும் மிஞ்சின சோறு கறியைச் சட்டியில் போட்டுக் குழைத்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, ஆளுக்கொரு கவளமாகக் கையில் வைத்தவர்கள்தான். அடுத்த கவளம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு வேறு பராக்கு இராது. உங்கள் அம்மாவுக்கு அது கைவந்த வேலையாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சரி, எந்த நாளில் தொடங்குவது? நண்டு சமைக்கிற நாளில். விளையாட்டாகச் சொல்லவில்லை. வாவி நண்டோ கடல் நண்டோ, காலை உடைத்துச் சதையை உறிஞ்சுகிற கையால் போனைத் தொட முடியாது. தொட்டால் அது அடுத்த நாள் வரை மணக்கும். சாப்பிட்டு முடிய அரைமணி நேரமாவது எடுக்கும். பெரிய கால் யாருக்கு என்ற சண்டை தானாக வரும், அந்தச் சண்டையில் கதையும் வரும். 'இன்றிலிருந்து சாப்பாட்டில் போன் கிடையாது' என்று சட்டம் போட்டுத் தொடங்கினால் பிள்ளைகள் சட்டத்தோடு மல்லுக்கட்டுவார்கள். இது நண்டோடு மல்லுக்கட்டு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் மரக்கறியாக இருக்கும், ஞாயிறு மத்தியானம் பாருங்கள். நண்டு விக்கிற விலைக்கு மாதத்தில் ஒருமுறைதான் கட்டும் என்றால் மற்ற ஞாயிறுகளில் முள்ளுக்கூடிய மீன் ஏதும் வாங்குங்கள். முள் எடுக்கிறவன் கண்ணை வேறெங்கும் விட மாட்டான்.

இரவுச் சாப்பாட்டை அதன்பிறகு பார்க்கலாம். அதில் உங்கள் கணவரின் அழைப்பு இருக்கிறது. அதைப்பற்றிக் கொஞ்சம் கூடக் கதைக்க வேண்டும்.

போன் இல்லாமல் சாப்பிடுவது பற்றி வருகிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை தகப்பன் வீட்டில் இருக்கிற குடும்பத்தை நினைத்துச் சொல்லப்பட்டவை. உங்கள் வீட்டில் தகப்பன் போனுக்குள் இருக்கிறார். சின்னவனுக்கு அப்பா என்றால் அந்தத் திரைதான், அவன் பிறந்ததிலிருந்து அப்படித்தான். போனைக் கொண்டுபோய் உள்ளே வையுங்கள் என்று நான் சும்மா சொன்னால், அப்பாவைக் கொண்டுபோய் உள்ளே வையுங்கள் என்று சொன்னதாக ஆகிவிடும்.

கத்தார் எங்களுக்கு இரண்டரை மணிநேரம் பின்னால். இங்கே எட்டரை என்றால் அங்கே ஆறு மணி. வேலையால் வந்து குளித்துவிட்டு, சமைக்கத் தொடங்குமுன் எடுக்கிறார் போலிருக்கிறது. அவருக்கு அது ஓய்ந்த நேரம், உங்களுக்குச் சோறு போடுகிற நேரம். நீங்கள் சாப்பாட்டை எட்டு மணிக்கு வைத்து, அவர் அழைப்பை ஒன்பதுக்குத் தள்ளினால் அங்கே ஆறரை. அரைமணி நேரந்தான் வித்தியாசம். அதற்குள் அவருடைய உலையும் கொதித்திருக்கும்.

ஆனால் அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். 'நாங்கள் சாப்பிடும்போது எடுக்க வேண்டாம்' என்று ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டால், ஆறு வருசமாக அறையில் நாலு ஆம்பிளைகளோடு சமைத்துச் சாப்பிடுகிற மனிதருக்குக் கதவைச் சாத்தியது போலக் கேட்கும். ஆறுதலாகக் கதைக்கிற ஒரு நேரத்தில், 'ஒன்பது மணிக்கு எடுத்தால் பிள்ளைகள் வாயில் சோறில்லாமல் உங்களோடு கதைப்பார்கள்' என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். இப்போது அவருக்குக் கிடைப்பது ஆளுக்கு அரை நிமிடமும், மென்றுகொண்டே சொல்கிற 'ஓம் அப்பா'வும்.

அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால், வாரத்தில் அந்த ஒரு இரவு அவரையும் பாயில் இருத்துங்கள். போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து, எல்லாரும் தெரிகிற மாதிரிப் பாயின் ஒரு பக்கத்தில் வையுங்கள். அவரும் அங்கே கோப்பையோடு இருக்க வேண்டும். போன் கைமாறக் கூடாது. 'என்ன கறி?' என்று கேட்டு இரண்டு பக்கமும் கோப்பையைத் திரைக்குக் காட்டினால் அதுவே போதுமான கதை. இடையில் சிக்னல் இழுபட்டுப் படம் அப்படியே நின்றால் நிற்கட்டும், சாப்பிடுங்கள், வருவார். அந்த இரவில் போன் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும். ஆளைப் பாய்க்குக் கூட்டிவருகிற போனையும் பாயிலிருந்து கூட்டிப்போகிற போனையும் ஒரே அலுமாரிக்குள் பூட்ட வேண்டியதில்லை.

இனி மூத்தவன். போனைப் பறித்ததற்கு நான் உங்களை ஏச மாட்டேன், அம்மா ஏற்கெனவே ஏசிவிட்டார். ஆனால் அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தது போனுக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். தங்கச்சிக்கும் அம்மம்மாவுக்கும் முன்னால் கையிலிருந்ததைப் பறிப்பது 15 வயதில் மானப் பிரச்சினை. இன்னொன்று. 2020இல் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது அவன் சின்னப் பொடியன். அப்போது நாங்கள்தான் போனைக் கையில் கொடுத்து 'இனி இதுதான் வகுப்பு' என்றோம். ரியூசன் நோட்ஸ் இன்றைக்கும் வட்ஸ்அப் குறூப்பில்தான் வருகிறது. படிப்பும் கூட்டாளிமாரும் கிரிக்கட்டும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கும்போது, அதைக் கீழே வை என்பது அவன் காதில் எல்லாவற்றையும் கீழே வை என்றுதான் விழும்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். சாப்பிடும்போது அவனிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன? 'மிஸ், எங்கட வீட்டில் சோறு சாப்பிடுறது கோட்டுக்குப் போற மாதிரி' என்று ஒரு பொடியன் என்னிடம் சொன்னான். கணித மார்க்ஸ் எத்தனை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை, அப்பா அந்த வெயிலில் படுகிற பாடு தெரியுமா, ரியூசன் காசு எவ்வளவு தெரியுமா. இரண்டு வாய் வைப்பதற்குள் இத்தனையும். கோப்பையோடு அறைக்குள் போகிற பிள்ளைகளில் பலர் போனைத் தேடிப் போவதில்லை என்பது என் அனுபவம். வழக்கிலிருந்து தப்பிப் போகிறார்கள், அங்கே போன் இருக்கிறது. போனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பாயில் மார்க்ஸை வைத்தால் அவனுக்கு இருந்த ஒரு ஒதுக்கிடமும் போய்விடும்.

அதனால் போனுக்குத் தடை போடுமுன் உங்கள் வாய்க்கு ஒரு தடை போடுங்கள். பாயில் மூன்று கதை கிடையாது: படிப்பு, காசு, மற்றவர் பிள்ளை. கணவருக்கும் இது பொருந்தும், வெள்ளிக்கிழமை உட்பட. மார்க்ஸ் பற்றிக் கேட்கத்தான் வேண்டும், கேளுங்கள், வேறு நேரத்தில், தனியாக.

பிறகு என்னதான் கதைப்பது? முதல் சில நாள் ஒன்றும் கதைக்காமல் சாப்பிட்டாலும் குற்றமில்லை. கரண்டிச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பொக்கிஷம் மூலையில் இருக்கிறது, உங்கள் அம்மா. வயது அறுபத்தைந்துக்கு மேல் என்று வைத்தால், மட்டக்களப்பில் சூறாவளி அடித்த 1978 நவம்பர் 23 இரவு அவர் குமர்ப்பிள்ளை. அந்தச் சூறாவளியைக் கண்ட ஆட்கள் எங்கள் ஊர்களில் இன்னும் 'சூறாவளிக்கு முன்', 'சூறாவளிக்குப் பின்' என்றுதான் வருசம் எண்ணுவார்கள். எங்கே ஒதுங்கி இருந்தீர்கள், விடிய வெளியே வந்தபோது முதலில் என்ன கண்டீர்கள், அடுத்த நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று மகள் கேட்கட்டும். என் மாமியிடம் நாங்கள் கேட்டபோது, பாறிக் கிடந்த தென்னைகளின் குருத்தை வெட்டி நாள் கணக்காகக் கறி வைத்ததைச் சொன்னார். என் பிள்ளைகள் கேட்டது ஒரே கேள்வி: 'ருசியா அம்மம்மா?' அதிலிருந்து கதை எங்கேயெல்லாமோ போனது. சுனாமியைப் பற்றி இப்படிக் கேட்கச் சொல்ல மாட்டேன். உங்கள் கரையில் அது எந்த வீட்டில் எந்தப் புண்ணைத் திறக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அவராகச் சொன்னால் கேளுங்கள்.

மூத்தவனுக்கு ஒரு வழி: இன்றைக்குப் போனில் பார்த்ததில் சிரிப்பு வந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். காட்டக் கூடாது, சொல்ல வேண்டும். காட்டினால் பத்து விநாடியில் முடிந்துவிடும். வாயால் சொல்லப் போனால் நடித்துக் காட்ட வேண்டிவரும், பாதியில் அவனே சிரிப்பான்.

போன்களை எங்கே வைப்பது என்பது சின்ன விசயம்தான், ஆனாலும் சொல்கிறேன். ஒரு பனையோலைப் பெட்டி போதும். பூட்டு வேண்டாம். கண்ணில் படாத இடமாக இருக்கட்டும். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தார் 300க்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் வீட்டாரோடும் உணவகத்தில் சாப்பிட வைத்து, ஒரு பகுதியினரைப் போனை மேசை மேல் வைக்கச் சொன்னார்கள், மற்றவர்களின் போனைச் சத்தமில்லாமல் ஒரு பெட்டிக்குள் போடச் சொன்னார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், போன் மேசையில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் மற்றவர்கள் அளவுக்கு இன்பமாக இருக்கவில்லை. வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் அது பெரிய ஆட்களிடம் கண்ட வித்தியாசம், பிள்ளைகளிடம் இல்லை. அதனால் பெட்டிக்குள் முதலில் விழ வேண்டியது உங்கள் போன். அம்மம்மாவின் பட்டன் போனும்கூட.

என் வீட்டில் இந்த விதியை முதலில் உடைத்ததே நான்தான். என் வேலையில் இரவில் யாராவது அவசரமாக எடுப்பார்கள். அப்படி ஒரு நாள் எழும்பிப் போய் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு வந்தால், கணவர் செய்தி பார்க்கிறார், பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே போனுக்குள் தலையை விட்டிருக்கிறார்கள். ஒருவரையும் ஏச எனக்கு வாயில்லை. இப்போது போனைத் 'தொந்தரவு வேண்டாம்' என்ற அமைப்பில் போட்டுவிடுகிறேன். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் தரம் அழைப்பு வந்தால் மட்டும் அது சத்தம் போடும். பெரும்பாலான போன்களில் இந்த வசதி இருக்கிறது, மூத்தவனிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தருவான். கணவருக்கும் சொல்லிவையுங்கள், அவசரமென்றால் அடுத்தடுத்து இரண்டு தரம் எடுக்க.

சின்னவன் விசயம் வேறு. அவனுக்கு இது பழக்கம், பழக்கியது நாங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிநேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் இருபது இருபது நிமிடம் கார்ட்டூன் போட்டால் அந்த ஒரு மணிநேரமும் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும். அதைவிட எனக்குக் கவலை, திரையைப் பார்த்து விழுங்குகிற பிள்ளைக்குப் பசி எது, வயிறு நிறைந்தது எது என்று பிடிபடாமல் போவது. அவனையும் பாயில் இருத்தி, சின்னக் கோப்பையில் முள் பார்த்து எடுத்த மீனும் கொஞ்சம் சோறும் வையுங்கள். அவன் கையாலேயே அள்ளட்டும். பாதி பாயில் கொட்டும். பின்னால் ஓடி ஓடி ஊட்ட வேண்டாம், அரைமணி நேரத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். மூன்று நாலு நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான், அழுவான், அம்மா 'பிள்ளையைப் பட்டினி போடுறா' என்பார். சுகமாக ஓடி விளையாடுகிற பிள்ளை பசித்தால் சாப்பிடும். நிறை குறைகிற மாதிரித் தெரிந்தால் மட்டும் கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸிடம் காட்டி நிறுத்துப் பாருங்கள்.

மகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ரீவியை நிறுத்தினால் வந்து இருப்பாள். 11 வயதுக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைப்பது இன்னும் பெரிய விசயம்தான்.

மூத்தவன் தொடர்ந்து சாப்பாட்டை விடுகிறான், நித்திரை இல்லை, பள்ளிக்கூடம் போக மறுக்கிறான் என்று ஏதும் கண்டால் அது பாய் விரித்துத் தீர்க்கிற காரியம் இல்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், போய்க் கதையுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

மற்றப்படி முதல் ஞாயிறு அவன் ஏழு நிமிடத்தில் சாப்பிட்டு எழும்பினால் விடுங்கள். சாப்பிட்டு முடியும்வரைதான் விதி, அவன் அதை மீறவில்லை. கை கழுவிப் பெட்டியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போகிறவன், அம்மம்மா சூறாவளிக் கதை சொல்கிற சத்தம் கேட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றால் 'வா, வந்து இரு' என்று கூப்பிட வேண்டாம். நிற்கட்டும். ஒரு நண்டுக் கால் மட்டும் மிச்சம் வைத்திருங்கள்.